மால்ட்பி சுரங்கத்திலிருந்து ஹெடிங்லி வரை: ஃப்ரெட் ட்ரூமனின் தொடக்க ஆண்டுகள் குறித்து வாசகர் கேள்விகள்

டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரு ரன்கூட எடுப்பதற்கு முன்பே நான்கு விக்கெட்டுகளை இழந்த அணி உண்டா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1952 ஜூனில் லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தில் இந்தியா அப்படி இழந்தது என்றும், அந்த நான்கில் மூன்றை வீழ்த்தியவர் தம் முதல் டெஸ்டில் ஆடிய இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஃப்ரெட் ட்ரூமன் என்றும் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ட்ரூமனின் இளமைக் காலத்தையே கேட்டதால், இந்த இதழின் பக்கங்களை அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: முதல் டெஸ்டிலேயே ஓர் அணியை இப்படிக் குலைத்தவர் திடீரென்று எங்கிருந்து வந்தார்? அதற்கு முன் அவரை யாருக்கும் தெரியாதா?
— வாசகர், திருநெல்வேலி

திடீரென்று வரவில்லை என்பதுதான் அவருடைய கதையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. ஹெடிங்லியில் அவர் பந்தைக் கையில் எடுத்தபோது வயது 21. ஆனால் யார்க்‌ஷயர் கவுண்டிக்காக (இங்கிலாந்தின் மாவட்ட அணிகளைக் கவுண்டி என்பார்கள்) ஆடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. 1931 பிப்ரவரி 6 அன்று, தெற்கு யார்க்‌ஷயரில் மால்ட்பி ஊருக்கு அருகிலுள்ள ஸ்டெய்ன்டன் கிராமத்தில், நாட்டிங்காம்ஷயர் எல்லைக்குச் சற்று இப்பால் பிறந்தவர் அவர். அந்தச் சிறு தூரம் முக்கியமானது. யார்க்‌ஷயர் மண்ணில் பிறந்தவர்கள் மட்டுமே அந்த அணிக்கு ஆடலாம் என்ற மரபு அக்காலத்தில் மிக உறுதியாகக் கடைப்பிடிக்கப்பட்டது. 1992இல் சச்சின் டெண்டுல்கரை ஒப்பந்தம் செய்த பிறகே வெளிநாட்டு வீரர் ஒருவர் அந்த அணிக்கு ஆடினார் என்றால், அந்த வேலி எவ்வளவு உயரமானது என்று புரியும்.

பள்ளியில் ஆடிக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு வயதில், தொடையிடுக்கில் பந்து பட்டுப் பலத்த காயம் ஏற்பட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவரால் ஆட முடியவில்லை. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே உள்ளூர் அணிகளில் பந்து வீசினார். அங்கிருந்து 1948இல் ஷெஃபீல்டு யுனைடெட் கிளப்புக்கு வந்தார். பிராமல் லேன் மைதானத்தில் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஒரே வளாகத்தில் ஆடப்பட்ட காலம் அது. 1949 மே 11 அன்று, பதினெட்டு வயதில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஃபென்னர்ஸ் மைதானத்தில் யார்க்‌ஷயருக்காக முதன்முதலாகக் களமிறங்கினார். அந்த இளைஞரை விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டுமலர் சுழல்பந்து வீச்சாளர் என்று தவறாகக் குறிப்பிட்டது. அவரைப் பற்றி வெளியுலகம் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தது என்பதற்கு அந்த ஒரு பிழையே போதும்.

அதே 1949இல் லார்ட்ஸில் மைனர் கவுண்டிகள் (இரண்டாம் நிலைக் கவுண்டிகள்) அணிக்கு எதிராக ஓர் இன்னிங்ஸில் 70 ரன்கள் கொடுத்து 8 விக்கெட்டுகளை எடுத்தார். ஆனால் அது இடையிடையே வந்துபோன மின்னல்தான். ஒருநாள் பேட்ஸ்மேனின் ஸ்டம்ப் பறக்கும். மறுநாள் பந்து லெக் திசையில் எங்கோ போகும். 1950ஆம் ஆண்டும் அப்படியே கழிந்தது. விக்கெட்டுகள் கிடைத்தன, ஆனால் அவற்றுக்காக நிறைய ரன்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பிராட்ஃபோர்டில் நடந்த டெஸ்ட் தேர்வு ஆட்டத்தில் ட்ரூமனும் இருந்தார். சுழல்பந்து வீச்சாளர் ஜிம் லேக்கர் 2 ரன்கள் மட்டும் கொடுத்து 8 விக்கெட்டுகளை வீழ்த்தி, எதிரணியை 27 ரன்களில் சுருட்டிய புகழ்பெற்ற ஆட்டம் அது. லேக்கர் கொடுத்த அந்த இரண்டு ரன்களில் ஒன்றை எடுத்தவர் ட்ரூமன்! பந்துவீச்சாளராக அவர் பெயர் நிலைபெற்றது 1951இல்தான். நாட்டிங்காம்ஷயருக்கு எதிராக ஷெஃபீல்டில் ஹாட்ரிக் உட்பட 68 ரன்களுக்கு 8 விக்கெட்டுகள் எடுத்தார். அந்தப் பருவத்தில் மொத்தம் 90 விக்கெட்டுகள்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 1951இல் அதே யார்க்‌ஷயர் அணியில் பாப் ஆப்பிள்யார்டு என்பவர், தம் முதல் முழுப் பருவத்திலேயே, சரியாக 200 விக்கெட்டுகளை எடுத்தார். ஆகவே டெஸ்டில் நுழைவதற்கு முந்தைய ஆண்டில் ட்ரூமன் தம் சொந்தக் கவுண்டியிலேயே முதலிடத்தில் இல்லை. அப்படிப்பட்ட அணியில் இடம்பிடித்து நிற்பதுதான் அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடம்.

கேள்வி: ட்ரூமன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர் என்று படித்தேன். சுரங்கத்துக்குள் குரல் கொடுத்தால் வேகப்பந்து வீச்சாளர் மேலே வருவார் என்று இங்கிலாந்தில் ஒரு சொலவடை உண்டாமே?
— வாசகர், நெய்வேலி

நெய்வேலியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆம், சுரங்க வாயில் நின்று ஒரு விசில் அடித்தால் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் மேலேறி வருவார் என்று நாட்டிங்காம்ஷயர், யார்க்‌ஷயர் பகுதிகளில் சொல்வார்கள். அதற்குக் காரணமும் உண்டு. ஹெரால்டு லார்வுட், பதினான்கு வயதில் ஆன்ஸ்லி சுரங்கத்தில் நிலக்கரி வண்டியிழுக்கும் மட்டக்குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவர். நாட்டிங்காம்ஷயரில் அவருடைய கூட்டாளியாக இருந்த பில் வோஸும் சுரங்கத்திலிருந்து வந்தவரே. லார்வுட் 1923இல் டிரென்ட் பிரிட்ஜில் தேர்வுக்குச் சென்றபோது உயரம் குறைந்த, மெலிந்த இளைஞர். வாரத்துக்கு 32 ஷில்லிங் ஊதியத்தில் அவரை ஒப்பந்தம் செய்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1926இல், அவர் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் ஆடினார்.

ட்ரூமன் விஷயத்தில் ஒரு சிறு திருத்தம். அவருடைய தந்தை சுரங்கத் தொழிலாளி. 1948 முதல் 1951 வரை ட்ரூமனும் மால்ட்பி மெயின் சுரங்கத்தில் வேலை பார்த்தார். ஆனால் அவர் இருந்தது தரைக்கு மேலே, டோக்கன் கொடுக்கும் அறையில். கீழே இறங்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த உலோக வில்லை ஒன்று உண்டு. பணி முடிந்து மேலே வந்ததும் அது உரிய ஆணிக்குத் திரும்ப வேண்டும். விபத்து நேர்ந்தால் யார் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்பதை அந்த வில்லைகளை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். நிலக்கரியை வெட்டி வெட்டி அவர் தோள் உரமேறியது என்று எழுதப்படுவதெல்லாம் வருணனையே. உடலுழைப்பால் வாழும் ஊரில் வளர்ந்தவர், கிரிக்கெட் கைவிட்டால் தமக்கு என்ன காத்திருக்கிறது என்பதைத் தினமும் அந்த ஆணிப்பலகையில் பார்த்தவர் என்று சொல்வதே பொருந்தும்.

கேள்வி: கவுண்டி அணியில் 'கேப்' பெறுவது என்கிறார்களே, அது என்ன? தொழில்முறை வீரர், அமெச்சூர் என்ற பிரிவினை ட்ரூமன் காலத்திலும் இருந்ததா?
— வாசகர், கோயம்புத்தூர்

கவுண்டி அணிக்கு ஒருவர் ஆடத் தொடங்கியவுடன் அவர் அந்த அணியின் முழு உறுப்பினராகிவிடுவதில்லை. சில ஆண்டுகள் அவரைப் பார்த்து, இவர் நிலைத்து நிற்பார் என்ற நம்பிக்கை வந்த பிறகே அணியின் தொப்பியை அளிப்பார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் எடுபிடியாகச் சேர்ந்த பையன் ஒருநாள் தனிக் கருவிப்பெட்டி பெறுவதோடு இதை ஒப்பிடலாம். தொப்பி பெறாதவருக்கு ஊதியம் குறைவு, இடத்துக்கு உத்தரவாதமும் இல்லை. தொப்பி பெற்றவருக்கு இரண்டும் உயரும். நீண்ட காலம் பணியாற்றினால் ஒரு பருவம் முழுவதும் அவர் பெயரில் நிதி திரட்டும் மரபும் உண்டு. ட்ரூமனுக்கு அத்தகைய பருவம் 1962இல் வாய்த்தது. யார்க்‌ஷயரின் வெள்ளை ரோஜா பொறித்த தொப்பி அவருக்கு 1951 ஆகஸ்டில் கிடைத்தது. அதாவது முதல் ஆட்டத்துக்கு இரண்டேகால் ஆண்டுகள் கழித்து.

அமெச்சூர் பிரிவினை அப்போது முழு உயிரோடு இருந்தது. 1962 பருவத்தோடுதான் அது ஒழிந்தது. ஊதியம் பெறாமல் ஆடும் கனவான்களும், ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட தொழில்முறையாளர்களும் ஒரே அணியில் ஆடினாலும், பல மைதானங்களில் உடை மாற்றும் அறைகள் தனித்தனி. அச்சிட்ட ஸ்கோர் அட்டையில் அமெச்சூரின் தலைப்பெழுத்துகள் பெயருக்கு முன்னும், தொழில்முறை வீரருடையவை பெயருக்குப் பின்னும் வரும். ட்ரூமன் சேர்ந்தபோது யார்க்‌ஷயரின் கேப்டன் நார்மன் யார்ட்லி ஓர் அமெச்சூர். அதே அணியில் அவர் கீழ் ஆடிய தொழில்முறை வீரர் லென் ஹட்டன், 1952இல் இந்தியாவுக்கு எதிரான அந்த லீட்ஸ் டெஸ்டில்தான் முதன்முறையாக இங்கிலாந்தின் கேப்டனாகப் பொறுப்பேற்றார். தம் கவுண்டிக்குத் தலைமை தாங்காத ஒருவர் நாட்டுக்குத் தலைமை தாங்கினார். சுரங்கத்து வீட்டுப் பிள்ளையின் முதல் டெஸ்டும், தொழில்முறை கேப்டனின் முதல் டெஸ்டும் ஒன்றாக அமைந்ததை நான் எப்போதும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: அவருக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? என்ன கற்றுக்கொடுத்தார்கள்?
— வாசகர், தஞ்சாவூர்

மூவரைச் சொல்ல வேண்டும். முதலாமவர் சிரில் டர்னர். யார்க்‌ஷயருக்கு முன்பு ஆடியவர். ட்ரூமன் ஷெஃபீல்டுக்கு வந்தபோது அங்கே பயிற்சியாளராக இருந்தார். பந்தைப் பிடிக்கும் முறையையும், அவுட்ஸ்விங் (வலக்கை பேட்ஸ்மேனை விட்டு வெளியே வளையும் பந்து) வீசும் வகையையும் கற்றுத் தந்தவர் அவரே. மற்ற இருவரும் ஹெடிங்லியில் யார்க்‌ஷயரின் குளிர்காலப் பயிற்சியில் இருந்தவர்கள்: பில் பௌஸ், ஆர்தர் மிட்செல். பௌஸ் மூக்குக்கண்ணாடி அணிந்து பந்து வீசிய உயரமான வேகப்பந்து வீச்சாளர். 1932 டிசம்பரில் மெல்பர்னில் டான் பிராட்மேனை முதல் பந்திலேயே வீழ்த்தியவர். இரண்டாம் உலகப் போரில் டோப்ரூக்கில் பிடிபட்டு, போர்க் கைதியாக இருந்து மீண்டவர். அவ்வளவு கண்டவருக்கு, ஓர் இளைஞனிடம் எதைத் தொடக்கூடாது என்பது தெரிந்திருந்தது. ட்ரூமனின் இயல்பான வீச்சில் அவர்கள் பெரிதாகக் கை வைக்கவில்லை.

அந்த வீச்சைப் பழைய படச்சுருள்களில் இன்றும் பார்க்கலாம். நீண்ட ஓட்டம், முதலில் அவசரமில்லாத அடிகள், வர வர வேகம் கூடும். நெற்றியில் கறுத்த முடி புரளும், சட்டைக் கையின் மடிப்பு அவிழ்ந்து தொங்கும். பந்து வீசும் கட்டத்தில் உடல் முழுவதும் பக்கவாட்டில் திரும்பி, இடது தோள் பேட்ஸ்மேனைக் குறிபார்க்கும். இடது கை வானை நோக்கி உயர்ந்திருக்க, அந்தக் கையின் பக்கவாட்டிலிருந்து அவர் கண்கள் பேட்ஸ்மேனைப் பார்க்கும். பிறகு இடது கை இறங்க இறங்க, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல வலது கை அதன் பின்னே சுற்றி வரும். பந்தின் தையல் ஸ்லிப் திசையை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க, விரல்கள் அதன் பின்னால் நிற்கும். இப்படிப் பக்கவாட்டில் திரும்பி வீசுவோருக்கு, வலக்கை பேட்ஸ்மேனை விட்டு விலகிச் செல்லும் பந்து இயல்பாகவே வரும். ஸ்டம்பை நோக்கி வருவதுபோல் வந்து, பேட்ஸ்மேன் மட்டையை நீட்டிய பிறகு விலகும் அந்தப் பந்துதான் ட்ரூமனின் உண்மையான சொத்து. பவுன்சர் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. விக்கெட்டுகளை அதிகம் கொடுத்தது அவுட்ஸ்விங்.

டர்னர் திருத்தியது பிடியை. பௌஸும் மிட்செலும் செய்தது பெரும்பாலும் காத்திருப்பது. கட்டுப்பாடு இல்லை, எனவே வேகத்தைக் குறை என்று அவரிடம் சொல்லியிருந்தால், யார்க்‌ஷயருக்கு இன்னொரு நடுத்தர வேகப்பந்து வீச்சாளர் கிடைத்திருப்பார். அப்படிப்பட்டவர்கள் அங்கே ஏற்கெனவே நிறைய இருந்தார்கள்.

கேள்வி: பிரையன் க்ளோஸும் ட்ரூமனும் ஒரே ஆட்டத்தில் அறிமுகமானார்கள் என்பது உண்மையா?
— வாசகர், சேலம்

உண்மை. ஃபிராங்க் லோசன் என்ற பேட்ஸ்மேனும் அதே ஆட்டத்தில் அறிமுகமானார். ஆல்ரவுண்டரான க்ளோஸ், ட்ரூமனைவிடப் பதினெட்டே நாள்கள் இளையவர். ஆனால் இருவர் பாதையும் எவ்வளவு வேறுபட்டன! க்ளோஸ் அந்த முதல் பருவத்திலேயே ஆயிரம் ரன்களும் நூறு விக்கெட்டுகளும் கடந்தார். ஜூலையில் நியூசிலாந்துக்கு எதிராக மான்செஸ்டரில், 18 வயதில் இங்கிலாந்துக்கு ஆடினார். அதற்கு முன் அவ்வளவு இளம் வயதில் இங்கிலாந்துக்கு எவரும் டெஸ்ட் ஆடியதில்லை. 1950–51இல் ஆஸ்திரேலியாவுக்கும் அழைத்துச் சென்றார்கள். அந்தப் பயணம் அவருக்குக் கசப்பாக முடிந்தது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பரவிய காலத்தில் அவர் ஆடியவை மொத்தம் 22 டெஸ்டுகளே. மிகுந்த துணிச்சலும் அறிவும் கொண்ட அந்த மனிதரின் திறமைக்கு இது மிகக் குறைவு என்றே நான் கருதுகிறேன். ட்ரூமனோ, 1949இல் யாரும் அவசரப்படாததால், தவறுகளையெல்லாம் கவுண்டி மைதானங்களிலேயே செய்து தீர்த்துக்கொண்டார்.

கேள்வி: அந்த லீட்ஸ் டெஸ்டில் நம் சென்னைக்காரர் ஒருவரும் ஆடினார் என்று என் தாத்தா சொல்வார். அன்று என்ன நடந்தது என்று விரிவாக எழுத முடியுமா?
— வாசகி, சென்னை

உங்கள் தாத்தா சொன்னது சரிதான். அவர் சி.டி. கோபிநாத். அதே 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை, அதுவும் இங்கிலாந்துக்கு எதிராகவே, பெற்றபோது அந்த அணியில் இருந்தவர். அந்த ஆட்டத்தில் 35 ரன்கள் எடுத்தார். இன்னிங்ஸ் வெற்றியைக் கொண்டாடிய அணி நான்கே மாதங்களில் இப்படி நின்றது ஏன் என்று கேட்கத் தோன்றும். சென்னையில் வென்றதை நான் எள்ளளவும் குறைத்துப் பேசமாட்டேன். வினூ மன்கட் எடுத்த 12 விக்கெட்டுகள் எந்த அணிக்கு எதிராகவும் பெரியவை. ஆனால் இங்கிலாந்தின் முன்னணி வீரர்களான ஹட்டன், காம்ப்டன், பெட்சர் ஆகியோர் அந்தப் பயணத்துக்கு வரவில்லை. ட்ரூமனின் பெயரையும் இந்தியாவில் அப்போது யாரும் கேட்டிருக்கவில்லை.

லீட்ஸில் இந்தியா மோசமாகவும் தொடங்கவில்லை. 42 ரன்களுக்கு 3 விக்கெட்டுகள் போன பிறகு, கேப்டன் விஜய் ஹசாரேயும் இருபது வயது விஜய் மஞ்ச்ரேக்கரும் நான்காவது விக்கெட்டுக்கு 222 ரன்கள் சேர்த்தார்கள். மஞ்ச்ரேக்கர் 133, ஹசாரே 89. அதன்பின் வந்தவர்கள் நிற்கவில்லை. கோபிநாத் ரன் எடுக்காமல் ட்ரூமனின் பந்தில் ஸ்டம்பை இழந்தார். மொத்தம் 293. இங்கிலாந்து 334 எடுத்து 41 ரன்கள் முன்னிலை பெற்றது.

மூன்றாம் நாள் இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கியது. ட்ரூமனின் இரண்டாவது பந்தில் பங்கஜ் ராய், காம்ப்டனிடம் கேட்ச் கொடுத்தார். மறுமுனையில் பெட்சர் வீசிய ஓவரின் கடைசிப் பந்தில் கெய்க்வாட், லேக்கரிடம் கேட்ச் கொடுத்தார். மீண்டும் ட்ரூமன்: முதல் பந்தில் மந்த்ரியின் ஸ்டம்ப் சரிந்தது, அடுத்த பந்தில், முதல் இன்னிங்ஸில் சதமடித்த மஞ்ச்ரேக்கரின் ஸ்டம்பும் சரிந்தது. மொத்தம் பதினான்கு பந்துகள், நான்கு விக்கெட்டுகள், ரன் ஒன்றுமில்லை. அன்றைய ஸ்கோர் பலகையின் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். மொத்த ரன் இருக்கும் இடத்தில் ஒரு பெரிய பூஜ்யம். விக்கெட் இருக்கும் இடத்தில் 4. வேறு எந்த எண்ணும் கண்ணில் படாது.

ஹாட்ரிக்கைத் தடுத்து நின்றவர் ஹசாரே. அவரும் ஃபட்கரும் அரைச் சதம் கடந்து அணியை 165 வரை கொண்டுவந்தார்கள். கோபிநாத் இம்முறை 8. இங்கிலாந்து 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. நமக்கு வலித்த நாள்தான். ஆனால் ஹசாரேயின் அந்த 56 ரன்களை எந்தச் சதத்துக்கும் குறையாதது என்றே நான் எண்ணுகிறேன். இந்தியாவின் மெதுவான ஆடுகளங்களில் வளர்ந்த அந்தத் தலைமுறை, 1930களின் இந்திய வேகப்பந்து வீச்சாளர் முகம்மது நிசாரின் காலத்துக்குப் பிறகு உண்மையான வேகத்தை அதிகம் எதிர்கொள்ளவே இல்லை என்பதையும் மறக்கலாகாது.

கேள்வி: அதே 1952 தொடரில், மான்செஸ்டரில் இந்தியாவுக்கு எதிராக ட்ரூமன் 31 ரன்களுக்கு 8 விக்கெட்டுகள் எடுத்தது ஆடுகளத்தின் உதவியால்தானே?
— வாசகர், ஈரோடு

உதவி இருந்தது, மழையில் நனைந்த ஆடுகளம் அது. இந்தியா ஒரே நாளில் 58க்கும் 82க்கும் இருமுறை ஆட்டமிழந்தது. எனினும் அதே ஆடுகளத்தில் அனுபவத்தில் எவ்வளவோ மூத்தவரான பெட்சருக்கு முதல் இன்னிங்ஸில் கிடைத்தவை இரண்டு விக்கெட்டுகள், 8.4 ஓவர்களில் எட்டு விக்கெட்டுகளை எடுத்தவர், விமானப் படையில் கட்டாயப் பணி செய்துகொண்டிருந்து விடுப்பில் வந்து ஆடிய இளைஞர். நான்கு டெஸ்டுகளில் மொத்தம் 29 விக்கெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 13.31 ரன்கள். ஒரே ஒரு நனைந்த ஆடுகளம் இதைக் கொடுத்துவிடாது.

கேள்வி: இவ்வளவு சிறப்பாகத் தொடங்கியவரை 1954–55 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு ஏன் அழைத்துச் செல்லவில்லை?
— வாசகர், புதுச்சேரி

1953இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவுடனான தொடரின் பரிசான ஆஷஸை மீட்ட டெஸ்டில் ட்ரூமன் முதல் இன்னிங்ஸில் 4 விக்கெட்டுகள் எடுத்தார். அடுத்து வந்த 1953–54 மேற்கிந்தியப் பயணம்தான் எல்லாவற்றையும் குலைத்தது. மூன்று டெஸ்டுகளில் 9 விக்கெட்டுகளே கிடைத்தன. அதைவிட மோசமாக, அவருடைய நடத்தையைப் பற்றிப் புகார்கள் எழுந்தன. பயணத்தின் முடிவில் வீரர்களுக்குத் தரும் நன்னடத்தைத் தொகை அவருக்கு மறுக்கப்பட்டது. தாம் செய்யாதவையும் தம் தலையில் கட்டப்பட்டன என்பதே கடைசிவரை அவருடைய மனக்குறை. அவர் நாக்கு கூர்மையானது என்பது உண்மை. ஆயினும், ஊதியத்துக்கு ஆடும் உழைக்கும் வீட்டுப் பிள்ளையின் கோபம் ஒழுங்கீனமாகவும், கனவானின் கோபம் துடிப்பாகவும் எண்ணப்பட்ட காலம் அது என்பதும் உண்மை. 1954 பருவத்தில் 134 விக்கெட்டுகளை எடுத்தும் அவரை ஆஸ்திரேலியாவுக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. பயணத்தில் வேகப்பந்து வீச்சாளர்கள் டைசனும் ஸ்டாதமும் வென்று கொடுத்ததால், அவர் விடுபட்டதை அன்று பலரும் பெரிதாகப் பேசவில்லை. பின்னாளில், 1964இல், டெஸ்டில் 300 விக்கெட்டுகளை முதலில் தொட்டவர் அவர்தான்.

கேள்வி: தமிழர்கள் கவுண்டி அணிகளில் பந்து வீசியிருக்கிறார்களா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பலர். வெங்கட்ராகவன் 1973 முதல் 1975 வரை டெர்பிஷயருக்கு ஆடினார். முத்தையா முரளிதரன் 1999இல் லங்காஷயருக்காக 66 விக்கெட்டுகளைக் குவித்தார். பின்னர் கென்ட்டுக்கும் ஆடினார். அஸ்வின் வூஸ்டர்ஷயர், நாட்டிங்காம்ஷயர், சர்ரே அணிகளிலும், வாஷிங்டன் சுந்தர் லங்காஷயரிலும் ஆடியவர்கள். ஆனால் இவர்களெல்லாம் தம் நாட்டு அணிக்கு ஆடிய பிறகு அங்கே சென்றவர்கள். பதினெட்டு வயதில் தொப்பியில்லாமல் சேர்ந்து, அங்கேயே தொழில் கற்ற ட்ரூமன் வகையினர் அல்லர்.

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. நல்ல வேகம், ஆனால் வைட் பந்துகள் அதிகம். வேகத்தைக் குறைத்தால்தான் அணியில் இடம் என்று பயிற்சியாளர் சொல்கிறார். ட்ரூமன் கதையிலிருந்து எங்களுக்கு ஏதேனும் வழி உண்டா?
— ஒரு தந்தை, திண்டுக்கல்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் பள்ளிக் காலத்தில் என்னுடன் பந்து வீசிய நண்பன் ஒருவனுக்கு இதே அறிவுரை சொல்லப்பட்டது. அவன் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தார்கள், தோளைத் திருப்பி நேராக வீசச் சொன்னார்கள். ஓராண்டில் வேகமும் போயிற்று, முதுகுவலியும் வந்தது. அவன் பிறகு ஆடவே இல்லை. அதனால் இதில் நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வைட் பந்துகளுக்குக் காரணம் வேகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிடி சரியில்லையா, ஓடிவரும் அடிகள் ஒவ்வொரு முறையும் மாறுகின்றனவா, வீசும்போது தலை சாய்கிறதா என்று முதலில் பாருங்கள். டர்னர் ட்ரூமனிடம் திருத்தியது இத்தகைய சிறு விஷயத்தைத்தான். ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஓர் அடையாளம் வைத்து, அடிகளை எண்ணி, ஆளில்லாத நெட்டில் ஒரே ஒரு ஸ்டம்பை நோக்கி வீசச் சொல்லுங்கள். பக்கவாட்டில் திரும்பி வீசுபவன் என்றால் அப்படியே விடுங்கள். நேராக வீசுபவன் என்றாலும் அப்படியே விடுங்கள். இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறொரு திசையிலும் இருக்கும் கலப்பு வீச்சுதான் வளரும் வயதில் கீழ்முதுகு எலும்பில் விரிசலைக் கொண்டுவருகிறது. முதுகின் ஒரு பக்கத்தில் மட்டும் வலி என்று பையன் சொன்னால், அன்றே பந்தை வாங்கி வைத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒரு நாளில் எத்தனை ஓவர், ஒரு வாரத்தில் எத்தனை நாள் என்று கணக்கு எழுதி வையுங்கள். நெட்டில் வீசுபவையும் அந்தக் கணக்கில் சேரும்.

பயிற்சியாளரிடம் சண்டை வேண்டாம். ஒரு பருவம் அவகாசம் கேளுங்கள். இடம் கிடைக்காவிட்டால் இரண்டாம் அணியில் ஆடட்டும், ரன்கள் போகட்டும். ட்ரூமனுக்கு 1949இலும் 1950இலும் நிறையவே போயின. அடுத்த கோடையில் பையன் எப்படி வீசுகிறான் என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்காகக் காத்திருப்பேன்.